அதிரடி வீடியோ கேமும் வாசிப்புத் திறனும்: சான்றுகள் எவ்வளவு தாங்கும்?

வீடியோ கேம் பிள்ளைகளின் வாசிப்பை வளர்க்குமா, கெடுக்குமா என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஆட்டத்தின்போது கண்ணும் கவனமும் என்ன பயிற்சி பெறுகின்றன என்பது ஒன்று. ஆடிய நேரத்தில் பிள்ளை எதைச் செய்யாமல் விட்டது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த நம்பிக்கையூட்டும் விடை, அதை நம்பிப் பரிந்துரை செய்யும் அளவுக்கு வலுவானதல்ல என்பதே என் வாதம்.

2003இல் ஷான் கிரீனும் டாஃப்னி பவேலியேயும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். வீடியோ கேம் பழக்கமில்லாதவர்களில் ஒரு சாராரைத் தினம் ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் 'மெடல் ஆஃப் ஹானர்' ஆடவைத்தார்கள், மற்றவர்களுக்குக் கட்டங்களை அடுக்கும் 'டெட்ரிஸ்'. துப்பாக்கிச் சண்டை ஆடியவர்களின் காட்சிக் கவனம் கூடுதலாக மேம்பட்டது. 2008இல் வால்டர் பூட் குழுவினர் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்தும் அத்தகைய பலனைக் காணவில்லை. பூட் பின்னர் எழுப்பிய ஐயம் இன்னும் கூர்மையானது: சண்டை ஆட்டம் ஆடியவர் தம் கவனம் கூர்மையாகும் என்று எதிர்பார்ப்பார், டெட்ரிஸ் ஆடியவர் அப்படி எதிர்பார்க்கமாட்டார். அந்த எதிர்பார்ப்பே மதிப்பெண்ணை உயர்த்தியிருந்தால்?

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஃபகோயெட்டியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகவே கையாண்டது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள 20 பிள்ளைகள், இரு குழுக்கள். இரண்டுக்கும் 'ரேமன் ரேவிங் ராபிட்ஸ்' என்ற ஒரே ஆட்டம்தான். அதே முயல்கள், அதே 'வீ' (Wii) விளையாட்டுக் கருவி. அதற்குள் இருக்கும் குறு ஆட்டங்களில் வேகமும் திடீர்த் தாக்குதலும் உள்ளவை ஒரு குழுவுக்கு, நிதானமானவை மற்றதற்கு. 80 நிமிட அமர்வுகள் ஒன்பது, மொத்தம் 12 மணி நேரம். எழுத்துப் பயிற்சி எதுவும் இல்லை. அதிரடிக் குழுவின் வாசிப்பு வேகம், பயிற்சியின்றி ஓராண்டில் வரக்கூடிய வளர்ச்சியைத் தாண்டியது, பிழைகளும் கூடவில்லை. பொருளற்ற சொற்களைப் படிக்கச் சொன்னபோதும் முன்னேற்றம் தெரிந்தது என்பதுதான் முக்கியம். 'நிபரகு' என்று எழுதிக் கொடுத்தால் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்க முடியாது. எழுத்து எழுத்தாகக் கண் நகர்ந்தாக வேண்டும். நெருங்கி நிற்கும் எழுத்துகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதும் கவனத்தின் வேலையே என்ற ஃபகோயெட்டியின் கருத்துக்கு இது பொருந்தி வருகிறது.

ஆனால் குழுவுக்குப் பத்துப் பேர்! இவ்வளவு சிறிய மாதிரியில் இரண்டு மூன்று பிள்ளைகளின் பாய்ச்சலே சராசரியை இழுத்துச் சென்றுவிடும். 2018இல் போலந்தில் மக்தலேனா லுனியெவ்ஸ்கா குழு இதைவிடப் பெரிய மாதிரியில் அதிரடி ஆட்டத்தை ஒலியுணர்வுப் பயிற்சி ஆட்டத்தோடு ஒப்பிட்டது. இரு குழுக்களும் முன்னேறின. எந்த ஆட்டமும் ஆடாத டிஸ்லெக்சியா பிள்ளைகளும் அதே அளவு முன்னேறினார்கள். பதுவா ஆய்வில் இல்லாதிருந்தது இந்த மூன்றாவது குழுதான். மீண்டும் அதே தேர்வை எழுதினாலே மதிப்பெண் கொஞ்சம் உயரும் என்பது ஆசிரியர்கள் அறிந்த சங்கதி. இத்தாலியம் எழுதியபடியே படிக்கப்படும் மொழி, அதனால்தான் அங்கே பலித்தது என்றும் வாதிட முடியாது; போலிஷும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே.

2022இல் பவேலியே பங்கேற்ற இன்னொரு ஆய்வு, பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய ஓர் ஆட்டத்தை 8 முதல் 12 வயதுள்ள 151 இத்தாலியப் பிள்ளைகளிடம் சோதித்தது. வாசிப்புப் பலன் ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது. மாதிரியின் அளவு மதிக்கத்தக்கது. என்றாலும் அந்த ஆட்டத்தில் அதிரடியோடு நினைவாற்றல் பயிற்சியும் கலந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்ததோ 'ஸ்கிராட்ச்' நிரலாக்கம். எது பலன் தந்தது? பூட் எழுப்பிய ஐயம் வேறு உருவில் திரும்பி வருகிறது.

இரண்டாம் கேள்விக்கு ராபர்ட் வைஸும் பிரிட்டனி செரன்காஸ்கியும் அமெரிக்காவில் நடத்திய 2010ஆம் ஆண்டு ஆய்வு நேரடியான விடை. வீட்டில் விளையாட்டுக் கருவி இல்லாத, 6 முதல் 9 வயதுள்ள 64 சிறுவர்களில் ஒரு பாதிக்கு பிளேஸ்டேஷன் உடனே கொடுக்கப்பட்டது. மறுபாதிக்கு நான்கு மாதம் கழித்து. முன்னதாகப் பெற்றவர்கள் பள்ளிக்குப் பிந்தைய படிப்பில் குறைவான நேரம் செலவிட்டார்கள். வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். யாருக்குக் கருவி முதலில் என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்ததால், குடும்பச் சூழலைக் காரணம் காட்டி இதை எளிதில் ஒதுக்க முடியாது. பதுவாவில் ஆட்டம் 12 மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது. இங்கே எப்போது நிறுத்துவது என்பது வீட்டாரின் கையில் விடப்பட்டிருந்தது.