லாயாங் லாயாங் வழிச் சென்ற ஒற்றைப் பாதை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையே, ரப்பரும் எண்ணெய்ப்பனையும் சூழ்ந்த லாயாங் லாயாங் என்னும் சிற்றூர், 1909-ஆம் ஆண்டில் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை பூர்த்தியான மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறு ஸ்டேஷனாக அமைந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1869-இல், மகாராஜா அபுபக்கர் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் நோக்கி மரத்தாலேயே தண்டவாளம் இடச் செய்திருந்தார். கறையான் அதை அரித்துத் தீர்த்தது. இரும்புப் பாதையில் கறையானுக்கு அவ்வளவு வேலையில்லை. ஆனால் ஒற்றைப் பாதைக்கு உரிய அபாயம் வேறு. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஸ்டேஷனில் கிளைப்பாதைக்குள் ஒதுங்கினாலன்றி மற்றது போக வழியில்லை. அப்படி ஒதுங்குவதற்கு இருந்த ஒரே வாயில் பாயிண்ட்ஸ்.

அதன் அமைப்பு எளிது. அசையாத இரு தண்டவாளங்களின் உட்புறத்தில், கத்திமுனை போல மெலியச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் குறுக்குக் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். கனத்த இரும்புக் குண்டு கோத்த நெம்புகோலை மறுபக்கம் சாய்த்தால், இரண்டும் எண்ணெய் தடவிய தகடுகளின்மேல் ஒன்றாக நகர்ந்து, ஒன்று தன் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ள மற்றொன்று விலகிநிற்கும். ஒட்டவேண்டிய நாக்கு ஒட்டாமல், ஒரு சல்லிக்கல் அளவு இடைவெளி நின்றாலும், எதிர்கொண்டு வரும் சக்கரத்தின் விளிம்பு அதற்குள் நுழைந்து வண்டியைத் தடம்புரளச் செய்துவிடும். ஆகையால் பாயிண்ட்ஸ்மேன் நெம்புகோலைத் தள்ளியதோடு நிற்பதில்லை. குனிந்து நுனியைப் பார்ப்பார், மழையில் கரைந்து வந்த செம்மண்ணைச் சுரண்டுவார், பூட்டைப் போட்ட பிறகே ஸ்டேஷன் பக்கம் கொடியையோ விளக்கையோ காட்டுவார்.

மலாயாவின் முதல் ரயில் பாதையாகிய தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885-இல் திறக்கப்பட்டபோதே அதன் கட்டுமானத்தில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் உழைத்திருந்தனர். பிற்காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் நாற்காலியில் யாழ்ப்பாணத்தார் பலர் அமர்ந்தனர். நெம்புகோலும் சல்லிக்கூடையும் கடப்பாரையும் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களின் கைக்கு வந்தன. ரயில்வேயின் சரித்திரத்தை எழுதியவர்கள் பாலங்களையும் என்ஜின்களையும் விஸ்தாரமாக வர்ணித்தார்கள். பாயிண்ட்ஸ்மேனுக்கு ஒரு பாராவும் ஒதுக்கவில்லை என்பது என் மனக்குறை. 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் இட்ட சயாம் மரண ரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் வடக்கே கொண்டுசெல்லப்பட்டபோதும், அந்த வண்டிகளுக்கு வழிவிட யாரோ ஒருவர் இதே நெம்புகோல்களைச் சாய்த்திருக்கவேண்டும்.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வேறொரு சிறு ரயில் உலகம் இருந்தது. அடிபட்டுக் கிடக்கும் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் கெடுமாதலால், வெட்டிய குலைகளைத் தாமதமின்றி ஆலைக்குச் சேர்க்கவேண்டி, மலாயாவின் பழைய தோட்டங்கள் பலவற்றில் மீட்டர் கேஜைக் காட்டிலும் குறுகிய இலகு பாதைகள் இடப்பட்டன. அங்கே கைகாட்டிகளுக்கு அவசியமில்லை. குலை ஏற்றிய சிறு பெட்டி தடம்புரண்டால் நாலு பேர் கடப்பாரை போட்டுத் தூக்கிவைத்துவிடலாம். பிரதானப் பாதையில் அந்தச் சலுகை கிடையாது. ஆகையால்தான் அங்கே, எதிரே வண்டி இல்லை என்பதற்கு அத்தாட்சியாக டிரைவரிடம் ஒரு டோக்கன் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் 2011 வரையிலும் அது கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு, மீட்டர் கேஜ் மாறாமலே, மின்சார இரட்டைப் பாதை அமைந்துவிட்டது. லாயாங் லாயாங்கிலும் புதிய ஸ்டேஷன் எழுந்திருக்கிறது. இப்போது நாக்கை மோட்டார் நகர்த்துகிறது, அது ஒட்டிவிட்டதா என்று மின்சுற்று சோதித்த பிறகே சிக்னல் மாறுகிறது. இடையில் கல் சிக்கிக்கொண்டால் மட்டும் ஒரு மனிதர் கடப்பாரையோடு போகவேண்டியிருக்கிறது.