சிங்கமேடு

பிரசெல்சு நகரிலிருந்து ஒருநாட் பயணமாக வாட்டர்லூப் போர்க்களங் காணவரும் குடும்பத்தினர், சிங்கமேட்டில் ஏறாது திரும்புவதில்லை. படிகள் 226. சிறுவர் எண்ணிக்கொண்டே ஓடுவர். பாட்டிமார் இடைவழியில் மூச்சு வாங்குவர். 1815 யூன் 18 ஆம் நாள் நெப்போலியன் தோல்வியுற்ற களத்தை உச்சியில் நின்று தந்தையர் சுட்டிக்காட்டுவர். ஆயின், அவர்கள் காட்டும் நிலம் அன்றைய நிலமன்று.

ஒரேஞ்சு இளவரசர் காயமுற்ற இடத்தைக் குறிக்க, அவர் தந்தையாகிய நெதர்லாந்து மன்னர் எழுப்புவித்த இம்மேடு 1826 இல் நிறைவெய்தியது. தோளிற் பட்ட ஒரு காயத்துக்கு இத்துணை மண்! அன்று மாண்ட ஆயிரக்கணக்கானோரிற் பெரும்பாலோர்க்கு ஒரு கல்லேனும் இல்லை.

மண் முழுவதும் அக்களத்திலேயே அகழப்பட்டது. வெலிங்டன் தம் படையை எந்த மேட்டுவரம்பின் பின்னே மறைத்துவைத்தாரோ, அதன் ஒரு பகுதி அதனாற் றாழ்ந்துபோயிற்று. பீரங்கிக் குண்டுகளிலிருந்து வீரரைக் காத்த வரம்பு எங்கே என்று வினவும் சிறுவன், அதன் மண்மீதே நிற்கின்றான்.