பச்சை யாருடையது?

சென்ற சுதந்திர தினத்தன்று நாம் பணியாற்றும் மத்ரஸாவின் முற்றத்தில் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கிக் கொண்டிருந்த வேளையில், பத்து வயதுகூட நிரம்பாத மாணவன் ஒருவன் நமது ஜிப்பாவைப் பற்றி இழுத்து, "ஹஜ்ரத், கீழே இருக்கிற பச்சை நம்ம நிறந்தானே?" என்று கேட்டான். "ஆம்" என்றிருந்தால் மகிழ்ந்திருப்பான். "இல்லை" என்றிருந்தால் வாடியிருப்பான். இரண்டுமே முழு உண்மை அல்ல. ஆதலின் மறுநாள் பாடத்தில் சொல்வதாகக் கூறி அனுப்பி வைத்தோம். பிள்ளைக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் அவன் கேட்டபடிதான் பொருள் சொல்லப்பட்டது. 1921ஆம் ஆண்டு, கிலாபத் இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த நாட்களில், பெஜவாடாவில் அகில இந்திய காங்கிரஸ் குழு கூடிற்று. அங்கே பிங்கலி வெங்கய்யா என்னும் ஆந்திரப் பெருமகனார் சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியொன்றை வரைந்து காந்தியடிகளிடம் அளித்தார். கொடியில் இராட்டை இடம்பெற வேண்டும் என்பது ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜின் யோசனை. சிவப்பு இந்துக்களைக் குறிக்கும். பச்சை முஸ்லிம்களைக் குறிக்கும். மற்றச் சமயத்தார் எங்கே என்ற கேள்வி காந்தியடிகளின் உள்ளத்தில் எழுந்தது. அவர்களுக்காக வெண்மையைச் சேர்த்தார். வெண்மை மேலே, பச்சை நடுவே, சிவப்பு அடியில். தொகையில் சிறியவர் முன்னே நிற்க, பெரியவர் கேடயமாக இருந்து காக்க வேண்டும் என்பது அவ்வரிசைக்கு அவர் தந்த விளக்கம். உயர்ந்த எண்ணம், ஐயமில்லை.

ஆயினும் நிறத்தைப் பங்காக்கிவிட்டால் பங்கு கேட்போர் ஓய்வதில்லை. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர் கேட்டனர். அவர்கள் கேட்டதில் தவறென்ன? இருவருக்குத் தனி நிறமும் ஏனையோர் அனைவருக்கும் பொது நிறமும் என்றால் ஏனையோர் பொறுப்பரோ? இந்தச் சிக்கலைத் தீர்க்க 1931ஆம் ஆண்டு கராச்சியில் எழுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பட்டாபி சீதாராமய்யா, வல்லபபாய் பட்டேல், ஜவாஹர்லால் நேரு, மாஸ்டர் தாராசிங் ஆகியோருடன் மௌலானா அபுல்கலாம் ஆசாதும் அதில் அங்கம் வகித்தார். அக்குழுவின் பரிந்துரை யாது தெரியுமா? கொடி முழுவதும் ஒரே காவி நிறமாக இருக்கட்டும், அதில் இராட்டை மட்டும் இடம்பெறட்டும் என்பதே! மக்கமா நகரில் பிறந்து, அரபியில் துறைபோகிய ஒரு பேரறிஞர் இருந்த குழு இதைச் சொல்லிற்று என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்புண்டாகிறது. இன்று காவி என்றதும் நம்மவர் முகம் சுளிப்பதும், பச்சை என்றதும் பிறர் முகம் சுளிப்பதும் எவ்வளவு பிற்காலத்து வழக்கம்!

காங்கிரஸ் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடி, மூவண்ணத்தையே வைத்துக்கொண்டது. ஆனால் சிவப்பு காவியாயிற்று. வெண்மை நடுவே வந்தது. பச்சை அடியில் அமைந்தது. நிறங்களுக்குச் சமயப் பொருள் எதுவும் கிடையாது என்று தெளிவாக அறிவித்து, காவிக்குத் துணிவும் தியாகமும், வெண்மைக்கு உண்மையும் அமைதியும், பச்சைக்கு நம்பிக்கையும் வீரமும் பொருளெனத் தீர்மானித்தது.

"பத்தாண்டுக் காலம் நமக்கென இருந்த நிறம் பறிபோயிற்றே" என்று குறைபடும் பெரியவர்களை நாம் கண்டதுண்டு. நமது கருத்து வேறு. 1921இன் கொடியில் மூன்றில் ஒரு பட்டை நமக்கு; மற்ற இரண்டும் பிறருக்கு. 1931இன் கொடியில் மூன்றும் நமக்கு. பட்டையை இழந்து கொடியைப் பெற்றவர் நஷ்டப்பட்டவர் ஆவாரோ?

பச்சை இஸ்லாத்தின் நிறம் என்னும் எண்ணத்தையும் சற்று ஆராய வேண்டும். கொடிக்கு அரபியில் 'லிவா' என்றும் 'ராயா' என்றும் பெயருண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ராயா கறுப்பாகவும் லிவா வெண்மையாகவும் இருந்தன என்று திர்மிதியில் அறிவிப்பு வந்துள்ளது. உமையாக்கள் வெள்ளையைக் கொண்டனர். அப்பாசியர் கறுப்பைக் கொண்டனர். கலீபா மஃமூன், ஹிஜ்ரி 201இல் இமாம் அலீ ரிளா அவர்களைத் தமது வாரிசாக அறிவித்தபோது, கறுப்பை நீக்கிப் பச்சையை அரசு நிறமாக்கினார். பக்தாத் நகரத்து அப்பாசியர் கொதித்தெழுந்து வேறொருவரைக் கலீபாவாக்கினர். இமாம் அவர்கள் ஹிஜ்ரி 203இல் மறைந்தார்கள். மறு ஆண்டு மஃமூன் பக்தாத் திரும்பிய சில நாட்களிலேயே கறுப்பு மீண்டும் வந்துவிட்டது! முஸ்லிம்களின் தலைநகரிலேயே பச்சைக்கு மூன்றாண்டுதான் ஆயுள். சுவர்க்கவாசிகளின் ஆடை பச்சை என்று திருமறை கூறுவதால் அந்நிறத்தின்மீது நமக்குள்ள அன்பு நியாயமானதே. அன்பு வேறு, உரிமை கொண்டாடுவது வேறு.

நிறத்தைவிடக் கொடியைத் தாங்கும் கையே பெரிது என்பதை மூத்தாப் போர் நமக்குக் காட்டியிருக்கிறது. கி.பி. 629இல் நிகழ்ந்த அப்போரில் ஸைத் (ரலி) வீழ்ந்ததும் ஜஃபர் (ரலி) கொடியை ஏந்தினார்கள். வலக்கை வெட்டுண்டது, இடக்கையில் பற்றினார்கள். அதுவும் வெட்டுண்டது, எஞ்சிய புயங்களால் மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஸஹாபாக்களோடு எவரையும் ஒப்பிடுவது நமது நோக்கமன்று. எனினும் 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் தடியடிபட்டுச் சாய்ந்தபோதும் கொடியை நழுவவிடாத குமரனை நினைத்தால், மூத்தாவைப் பாடஞ்சொல்லும் நமக்கு நெஞ்சு கசியாமல் இருப்பதில்லை. அப்போது அந்தப் புதிய கொடிக்கு வயது ஐந்து மாதங்களே.

1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தார். பட்டில் ஒன்றும் கதரில் ஒன்றுமாக இரு கொடிகளைச் சபையில் காட்டினார். இராட்டையிருந்த இடத்தில் சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. நாடு பிரிவினையின் விளிம்பில் நின்ற நாள் அது. முஸ்லிம் லீகின் சார்பில் சௌத்ரி கலீக்குஸ்ஸமான் எழுந்து தீர்மானத்தை ஆதரித்தார். அஸ்ஸாமின் முன்னாள் பிரதமர் சையித் முஹம்மத் சாதுல்லாவும் பேசினார். காவி ஆன்மிக வாழ்வு வாழ்வோரின் நிறம், அது சாதுக்களுக்கு மட்டுமன்று, நமது பீர்களுக்கும் உரியது என்றார் அவர். பச்சையைப் பற்றிச் சொல்ல வந்தபோது, 1857இல் பகதூர்ஷாவின் தலைமையில் எழுந்த விடுதலைப் போரை நினைவூட்டினார். பங்கு கேட்க அன்றி, பொருள் கூட்டவே அவர் எழுந்தார். சபையோர் அனைவரும் எழுந்துநிற்கத் தீர்மானம் நிறைவேறிற்று. கலீக்குஸ்ஸமான் அவ்வாண்டிலேயே பாகிஸ்தான் சென்றுவிட்டார். சாதுல்லா இங்கேயே இருந்தார். அடுத்த மாதம் அமைக்கப்பட்ட அரசியல் சட்ட வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவராக, அம்பேத்கரோடு அமர்ந்து பணியாற்றினார்.