பெயரில் மட்டும் கிழக்கு: ஆட்டம் காட்சியான கதை

கல்முனை சந்தாங்கேணியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்ப ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால், முதல் பந்து வீச முன்னமே ஜேர்சி அறிமுக விழா நடந்திடும். பிறகு மின்னொளி, ஒலிபெருக்கியில் வர்ணனை, பேஸ்புக் நேரலை. இந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாறு இருக்கு.

கெரி பெக்கர் ஓர் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி. தன்னுடைய அலைவரிசைக்குக் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை கிடைக்காததால், 1977இல் முன்னணி வீரர்களைச் சம்பளத்துக்கு எடுத்துத் தனியாக ஒரு தொடரையே தொடங்கினார். வர்ண உடை, வெள்ளைப் பந்து, இரவு ஆட்டம் எல்லாம் அதில்தான் பிரபலமாகின. களத்தடுப்பாளர்களை உள்ளே நிறுத்தும் வட்டமும் அங்கிருந்து வந்ததுதான். அடி கூடினால் பார்க்கிற ஆட்களும் கூடுவாங்க என்பதுதான் கணக்கு.

அமெரிக்கன் ஃபுட்போலும் அதே கணக்கைத்தான் போட்டது. பந்தை எறிந்து முன்னேறுவது இலகுவாகும்படி 1978இல் விதிகள் மாற்றப்பட்டன. 1967இல் நடந்த முதலாவது சூப்பர் போலின் இடைவேளையில் பல்கலைக்கழக வாத்தியக் குழுக்கள் வாசித்தன. 1993இல் அதே இடைவேளைக்கு மைக்கேல் ஜாக்சன் வந்தார். ஆட்டத்துக்கு நடுவில் காட்சி என்பது போய், காட்சிக்கு நடுவில் ஆட்டம் என்று ஆனது.

இதைக் கெட்டது என்று மட்டும் சொல்லிட்டுப் போக நமக்கு ஏலாது. 1996 உலகக் கிண்ணத்தில் முதல் 15 ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்கள்தான் நிற்கலாம். ஜயசூரியவும் களுவிதாரணவும் அந்த வெற்றிடத்துக்கு மேலாலதான் அடிச்சாங்க. ரீவிக்காகப் பிறந்த ஒரு விதியை ஆயுதமாக்கித்தான் இலங்கை கிண்ணத்தைத் தூக்கியது. அதைக் கரையோரத்தில் இருந்த நமக்குக் காட்டினதும் அதே ரீவிதான்.

2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கினபோது இரண்டு கதையும் ஒன்றாகச் சேர்ந்தன. வொஷிங்டன் அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் ஆட்டக்காரிகள் பெங்களூர் மைதானத்துக்கே வந்து ஆடினாங்க. அடுத்த ஆண்டு ஒவ்வொரு இன்னிங்ஸின் நடுவிலும் ஏழரை நிமிட இடைவேளை வந்தது. வியூகம் வகுக்க என்று பெயர். விளம்பரத்துக்கும் நல்ல வசதி.

இலங்கைக்கு இந்த வடிவம் 2012இல் வந்தது. இலங்கை பிரீமியர் லீக்கில் 'நாகெனஹிர நாகாஸ்' என்று ஓர் அணி. நாகெனஹிர என்றால் சிங்களத்தில் கிழக்கு. அந்த அணி இறுதிப்போட்டி வரைக்கும் போனது. ஆனா போட்டிகள் கொழும்பிலும் பல்லேகலையிலும்தான். கிழக்கு அணி கிழக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அடுத்த ஆண்டே அந்தத் தொடரும் நின்றது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கினபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகள். கிழக்குக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

காட்சிக்கு ஊர் தேவையில்லை, ஊரின் பெயர் போதும். காசு வருவது மைதானத்தின் வாசலால் இல்லை, திரையால். நம்மை அது தேடி வருவது பார்வையாளராகத்தான். அதனால் நம்ம பிள்ளைகளுக்கு ஆடுகளம் போட்டுத் தர அதற்கு ஒரு தேவையும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம்ம மென்பந்துப் போட்டிகள் வேறாகின்றன. அங்கே ஆடுகிறவனும் பார்க்கிறவனும் ஒரே ஊர். அனுசரணை தாறது நம்ம கடைக்காரரும் வெளிநாட்டில் உழைக்கிற நம்ம சகோதரர்களும். காட்சி நம்ம கையில் இருக்கு; காசை எதற்குச் செலவழிப்பது என்பதும் நம்ம முடிவுதான். மென்பந்தில் கலக்குகிற பொடியன் மாவட்ட அணிக்குப் போக வேணுமென்றால் கடினபந்து வேணும். அதற்கு ஆடுகளம், வலை, பயிற்றுநர் வேணும். ஜேர்சியை மாத்திரம் பெக்கரிடமிருந்து எடுத்துக்கொண்டால் நாமும் சின்னதாக ஒரு 'நாகாஸ்'தான்.

ஆகவே அடுத்த ஜேர்சி அறிமுக விழாவில், படம் எடுத்து முடிந்த பிறகு, ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இந்தத் தொகையில் 15 வயதுக்குட்பட்டோரின் கடினபந்துக்கு எவ்வளவு?