கண்ணாடி ஜன்னல் இல்லாத கட்டிடம்

எங்கள் பேகம்பூர் வெயிலில், சுற்றிலும் கண்ணாடி பதித்த கடைக் கட்டிடம் ஏ.சி. நின்றால் அடுப்புதான். மழையைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் சாய்வுத் தகடுகளுக்கு லூவர் என்று பெயர். ஒரு பெரிய கட்டிடத்தையே அதை நம்பிக் கட்டியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான 'கோல்கொண்டா'தான் அது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். வேலையைக் கவனிக்க 1937-ல் வந்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் நகாஷிமா. வந்ததும் அஸ்திவாரம் தோண்டிவிடவில்லை. முழு அளவிலேயே ஒரு மாதிரி கட்டி, ஒவ்வொரு செய்முறையையும் சோதித்துக் குறித்துக்கொண்டார்கள்! கண்ணாடி ஜன்னலே கிடையாது. முகப்பு முழுக்கத் திருப்பக்கூடிய கல்நார் சிமென்ட் தகடுகள். (கல்நார் புற்றுநோய் தரும் என்று இன்று தெரியும். இப்போது கட்டினால் அலுமினியம்தான் நல்லது.) பித்தளைப் பிடிகளுக்கு ஆசிரமத்துப் பழைய பாத்திரங்களை உருக்கினார்களாம்.

இன்று பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான லூவர்களை ஐரோப்பிய முறையில் சோதிக்கும்போது, மணிக்கு 75 மி.மீ. மழையை நொடிக்கு 13 மீட்டர் வேகக் காற்றோடு அடித்து, எவ்வளவு நீர் உள்ளே வருகிறது என்று அளக்கிறார்கள். நகாஷிமாவுக்கு அப்படி ஒரு சோதனைக்கூடம் இல்லை. அவர் கட்டிய விடுதியில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள். புதுச்சேரி போனால் தெருவில் நின்றாவது அந்த முகப்பைப் பாருங்கள்.