கண் மருத்துவப் பெருநூல்களும் அவற்றை எழுதிய கைகளும்

1851ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் கண்டறிய உதவும் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதன்பின் கண்ணின் உட்புற நோய்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அவற்றுக்கான பெயர்களும் பெருகின. பெருகிய அறிவைத் தொகுக்க ஒருவரால் இயலாதென உணர்ந்த ஆல்ஃபிரட் கிரேஃபெ, தியோடர் சேமிஷ் ஆகிய இருவரும், பகுதிகளைப் பல அறிஞர்களுக்குப் பகிர்ந்தளித்து, 1874 முதல் 1880 வரை ஏழு தொகுதிகளைப் பதிப்பித்தனர்.

அடுத்த நூற்றாண்டில் இதற்கு மாறான ஒரு முயற்சியைக் காண்கிறோம். இலண்டனில் பணியாற்றிய சர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர், 1932இல் தொடங்கி 1954 வரை, பெரும்பாலும் தம் கையாலேயே ஏழு தொகுதிகளை எழுதினார். நடையும் கலைச்சொல்லும் ஒரு சீராக அமைந்தமைக்கு அதுவே காரணம். பின்னர் அதனை விரித்துப் பதினைந்து தொகுதிகளாக்கியபோது அவருக்கும் துணையாசிரியர்கள் தேவைப்பட்டனர். அதன் முதல் தொகுதி 1958இல் வெளிவந்தது. லேசர் ஒளி முதன்முதலில் உருவாக்கப்பட்டதோ 1960இல். இறுதித் தொகுதி வெளிவந்த 1976க்குள் லேசர், விழித்திரைச் சிகிச்சையில் நிலைபெற்றுவிட்டது. அச்சு நூலின் இடர்ப்பாடு இதுவே: முடிக்குமுன் தொடக்கம் பழையதாகிவிடுகிறது.

2010இல் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் தொடங்கிய 'ஐவிக்கி' என்னும் இணையக் களஞ்சியம் இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு விடை. விக்கிப்பீடியாவைப் போலவே இதனையும் எவரும் படிக்கலாம். ஆனால் எழுதும் உரிமை கண் மருத்துவர்க்கும் அத்துறையில் பயில்வோர்க்குமே உண்டு. கட்டுரையின் தலைப்பகுதியில் எழுதியோர், திருத்தியோர், பொறுப்பாசிரியர் ஆகியோரின் பெயர்களும் மீள்பார்வை செய்யப்பட்ட நாளும் இடம்பெறுகின்றன. இவ்வேற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஒரு சொட்டு மருந்தின் அளவு பிழைபட்டால் கெடுவது ஒருவரின் பார்வை. பிழைக்குப் பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டாமா?

எனினும், பல கைகள் சேரும் இடத்தில் சொற்சிக்கல் எழாமல் இராது. தைராய்டு கோளாற்றால் வரும் கண்நோய் ஒன்றுக்கே ஆங்கிலத்தில் நான்கைந்து பெயர்கள் வழங்குகின்றன. இணையத்தில் எந்தப் பெயரால் தேடினும் ஒரே கட்டுரைக்கு வழிகாட்டிவிடலாம். ஒரே பெயர் இரண்டு பொருளைச் சுட்டும்போது அவ்வாறு செய்ய இயலாது.

தமிழில் நாம் எதிர்கொள்வது இந்த இரண்டாம் சிக்கலையே. இலக்கியத்திலும் பேச்சிலும் கருவிழி என்பது கண்ணின் கரிய வட்டம். கண்தான அறிவிப்புகளில் வரும் கருவிழியோ அவ்வட்டத்தின்மேல் கவிந்துள்ள, ஒளி ஊடுருவும் படலமாகிய கார்னியா. அதனை 'விழிவெண்படலம்' என்போரும் உளர். நிறமே இல்லாத ஒன்றை வெண்மை என்பது நமக்கு உடன்பாடன்று. இலத்தீன் மொழியினர் கொம்பின் தன்மை கண்டு 'கார்னியா' எனப் பெயரிட்டனர். அவ்வளவு நுட்பம் நம் சொல்லில் இல்லை. கண்தானத்தால் மக்களிடம் பரவிய கருவிழியைக் கார்னியாவுக்கே விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள நிறத்திரைக்குக் 'கதிராளி' என்னும் சொல்லை வழங்கலாம் என்பது நம் கருத்து. மருத்துவர்கள் இதனை ஏற்பார்களாயின், தமிழில் இத்தகைய களஞ்சியத்தின் முதற்கட்டுரையைத் தொடங்கிவிடலாம்.