நான்காண்டுப் பள்ளி: உதயசங்கரின் கலைப்பணி

குருவினிடம் முறையாகப் பயிலாத ஒருவர் ஒரு கலையைப் பிறர்க்குக் கற்பிக்க இயலுமா? மூடப்பட்டுவிட்ட ஒரு பள்ளியை வீணாய்ப் போன முயற்சி என்று தள்ளிவிடலாமா? இவ்விரு வினாக்களும் ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்குப் புதியன அல்ல. இவற்றுக்கு விடை தேடுவோர், இந்திய ஆடலரங்கிற்குப் புதுவழி கண்ட உதயசங்கரின் வாழ்க்கையை ஊன்றி நோக்குதல் நலம். ஆடல், இசையமைப்பு, ஒளி, உடை, நிழற்கூத்து, திரைப்படம் ஆகிய அனைத்தையும் ஒரே மேடைக்குரிய உறுப்புகளாகக் கண்டு இயக்கியவர் அவர். எனினும், அவர் புகழுக்குக் காரணமான மேடை நிகழ்ச்சிகளைக் காட்டிலும், அவர் நடத்திய ஒரு சிறு பள்ளியே ஆசிரியர்களின் கருத்துக்கு உரியது.

தூரிகை பிடித்த கை

உதயசங்கர் 1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் உதயப்பூரில் வங்காளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சியாம்சங்கர் வழக்கறிஞர். ஜாலாவார் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். இளமையிலேயே ஓவியத்தில் நாட்டம் கொண்ட மகன், பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று, 1920இல் இலண்டன் சென்று அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல்வர் வில்லியம் ரோதன்ஸ்டைன் இந்தியக் கலைகளில் பெருமதிப்பு உடையவர். மேனாட்டு முறையைப் பின்பற்றவந்த மாணவரின் கண்களை அவர் சொந்த நாட்டுச் சிற்பங்களின் பக்கம் திருப்பினார்.

உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவா, இந்தியக் கருப்பொருள் கொண்ட ஆடல்களை அமைக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வாய்ப்பு உதயசங்கருக்குக் கிட்டியது. 1923இல் ‘இராதா-கிருஷ்ணா’, ‘இந்துத் திருமணம்’ என்னும் இரு ஆடல்களை அவர் அமைத்தார்; முன்னதில் தாமே கண்ணனாக பாவ்லோவாவுடன் ஆடினார். அடவு என்பதையோ முத்திரை இலக்கணத்தையோ அதுவரை அவர் எவரிடமும் பாடம் கேட்டதில்லை. ஓவியன் பழகிய கண்ணும், சிற்பங்களின் நிலைகளும், சிறுவயதில் வடநாட்டுக் கிராமங்களில் கண்ட கூத்துகளின் நினைவுமே அவருக்கு ஆசான்களாய் அமைந்தன.

தாயகம் திரும்புதல்

பாவ்லோவாவின் குழுவை விட்டு நீங்கியபின் சில ஆண்டுகள் ஐரோப்பாவில் வறுமையுடன் போராடினார். தம் அறிவின் குறையை அவர் உணர்ந்தே இருந்தார் என்பதற்கு அடுத்து நிகழ்ந்தது சான்று. சுவிட்சர்லாந்துச் சிற்பியான ஆலிஸ் போனர் அம்மையாரின் துணையுடன் தாயகம் திரும்பி, 1930இல் நாடெங்கும் சுற்றினார். கோயில்களையும் குகை ஓவியங்களையும் கண்டார். கேரளத்தில் கதகளியைக் கண்டு வியந்தார். பின்னர் சங்கரன் நம்பூதிரியிடம் மாணவராக அமர்ந்து கதகளி கற்றார். உலகம் போற்றத் தொடங்கிய பிறகும் ஒருவர் மாணவராக அமர்வது எளிதன்று.

உடன்பிறந்தாரையும் உறவினரையும் சேர்த்து அவர் அமைத்த குழு, 1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிசில் அரங்கேறியது. இந்திய இசைக்கருவிகள் மட்டுமே ஒலித்தன. இசைக்கலைஞர்கள் மேடையிலேயே அமர்ந்து வாசித்தனர். இசைப்பொறுப்பைத் திமிர்பரண் ஏற்றிருந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழு பெரும் வரவேற்பைப் பெற்றது. அக்குழுவே ஒரு நடமாடும் பள்ளி எனலாம். சிறுவனாய் அதில் சேர்ந்து ஆடிய கடைசித் தம்பி இரவிசங்கர், குழுவுடன் பயணம் வந்த அலாவுதீன் கானின் இசையில் ஈடுபட்டு, ஆடலை விட்டுச் சித்தாரைத் தம் வாழ்வாகக் கொண்டார்.

புகழுடன் பழியும் வந்தது. இது பரதமும் அன்று, கதகளியும் அன்று. மேனாட்டார் கண்ணுக்காகச் செய்த கலவை என்று மரபறிந்தோர் குறைகூறினர். அக்கூற்றை முற்றிலும் பொய் என்று ஒதுக்குவதற்கில்லை. உதயசங்கர் எந்த ஒரு மரபுக்கும் வாரிசு அல்லர். தாமும் அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை.

அல்மோரா மலையில்

இக்குறைக்கு அவர் கண்ட மாற்றே ‘உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு மையம்’. இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் கல்வி நிலையத்தை நிறுவிய எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் முதலியோர் பொருளுதவி செய்தனர். இமயத்தின் அடிவாரத்தில், அல்மோராவில், 1939-40இல் பள்ளி தொடங்கியது.

தமக்குத் தெரியாதவற்றைத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்ததே அப்பள்ளியின் முதற்சிறப்பு. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி; மணிப்புரி ஆடலுக்கு அமோபி சிங்; இசைக்கு அலாவுதீன் கான்; பரதத்திற்குத் தமிழகத்து நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை. பாலசரஸ்வதி அம்மையாரைக் கண்டிப்புடன் உருவாக்கிய அதே ஆசான்தான் இமயமலைச் சாரலில் வடநாட்டு மாணவர்க்கு அடவு கற்பித்தார். மரபை அறியாதவர் என்று பழிக்கப்பட்டவர், மரபின் பேராசான்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார்!

பொதுவகுப்பைத் தாமே எடுத்தார் உதயசங்கர். அதில் மாணவர் முதலில் கற்றது நடப்பதற்கு. தாளத்திற்கேற்ப நடத்தல், நின்றல், திரும்புதல், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே உணர்தல் என்று பயிற்சி விரிந்தது. பின்னர், கொடுத்த கருப்பொருளை மாணவர் தாமே சிந்தித்து ஆடிக்காட்ட வேண்டும். “நான் செய்வதுபோல் செய்” என்பது நட்டுவனாரின் முறை. “நீ கண்டதைச் செய்” என்பது அப்பொதுவகுப்பின் முறை. இரண்டும் அருகருகே நடைபெற்றன.

படைப்புகளும் அவ்வாறே புதுமை பெற்றன. எந்திரத்திற்கு அடிமையாகும் மனிதரைக் காட்டும் ‘உழைப்பும் எந்திரமும்’, கிராம வாழ்வைக் காட்டும் ‘வாழ்வின் தாளம்’ ஆகியவை அக்காலத்துப் படைப்புகள். இராமகாதையை வெண்திரைக்குப் பின்னால் ஆடும் மனித நிழல்களைக் கொண்டு திறந்த வெளியில் நிகழ்த்தினார்.

மூடிய பள்ளி

உலகப்போர்க் காலத்து நெருக்கடியும் பணமுடையும் சேர்ந்து பள்ளியை நலியச் செய்தன. 1944இல் அது மூடப்பட்டது. ஏறத்தாழ நான்கே ஆண்டுகள்!

இழந்த பள்ளியைத் திரையில் எழுப்ப முனைந்தார் உதயசங்கர். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு 1948இல் வெளிவந்த ‘கல்பனா’, கலைக்கூடம் ஒன்றைக் கனவு காணும் கலைஞனின் கதை. துணைவியார் அமலாவும் உடன் நடித்தார். பின்னாளில் தமிழ்ப் படவுலகில் புகழ்பெற்ற பத்மினி முதன்முதல் ஆடித் திரையில் தோன்றியது இப்படத்திலேயாகும். படம் வசூலில் தோற்றது. 60 ஆண்டுகளுக்குப் பின்னர் அது செப்பனிடப்பட்டு, 2012இல் கேன்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அவரோ முதுமையிலும் ஓயவில்லை. மேடை ஆடலையும் திரைக்காட்சியையும் இணைத்து ‘சங்கர்ஸ்கோப்’ என்ற நிகழ்ச்சியைப் படைத்தார். 1971இல் பத்மவிபூஷண் விருது பெற்று, 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

எஞ்சியது எது?

‘உதயசங்கர் பாணி’ என்று சொல்லத்தக்க ஆடல்முறை, பரதம் போலவோ கதகளி போலவோ தலைமுறை தலைமுறையாக வேரூன்றவில்லை. அவ்வளவில் குறைகூறியோர் வென்றனர் என்றே கொள்ளலாம். ஆயின், அல்மோராவில் இருந்தோர் பின்னர் என்ன ஆயினர் என்று பார்த்தல் வேண்டும். குருதத் திரைப்பட இயக்குநராகி ‘பியாசா’வைப் படைத்தார். அங்கே ஆசிரியையாக இருந்த ஜோரா சேகல், நாடகத்திலும் திரையிலும் நடித்து, நூறு வயதைக் கடந்து 2014இல் மறைந்தார். சாந்தி பர்தன் பம்பாயில் 1952இல் குழு ஒன்றைத் தொடங்கி, ஆடுவோரைப் பொம்மைகள்போல் இயங்கச் செய்து இராமாயணத்தை ஆடல் நாடகமாக்கினார். இவர்களுள் எவரும் மற்றவரைப் போன்றவர் அல்லர். எவரும் உதயசங்கரின் நகலும் அல்லர். நகலெடுக்கக் கற்பிக்காத பள்ளிக்கு இதைவிட நற்சான்று வேறு வேண்டுவதில்லை.

மற்றொரு மாணவரான நரேந்திர சர்மா, டில்லியில் ஒரு பள்ளியில் ஆடலாசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். அல்மோராவின் கதவுகள் அடைபட்ட பின்னர், நகரத்துச் சிறுவர் சிறுமியர் தம் உடலின் அசைவுகளைத் தாமே கண்டறியும் வகுப்புகள் அவரிடம் ஆண்டுதோறும் நடந்தன. கட்டடம் மூடப்பட்டது, பாடம் மூடப்படவில்லை.